புதுப்பிப்பு: 'ஆதன்' என்று பெயர் வைக்கலாமா?

முன்பு எழுதியபோது 'ஆதன்' சேரர் பெயர் என்பதோடு நிறுத்தியிருந்தேன். பொருளையும் எழுத்தையும் பலர் கேட்டதால் இந்தச் சேர்ப்பு.

பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலர் பாடியது செல்வக் கடுங்கோ வாழியாதன் என்ற சேர மன்னனை. ஆனால் அரசர் பெயர் மட்டுமல்ல; கீழடிப் பானை ஓட்டிலும் 'குவிரன் ஆதன்' உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது தொல்காப்பியம் சொல்லும் புணர்ச்சி (சொற்கள் சேரும்போது வரும் மாற்றம்): ஆதன் + தந்தை = ஆந்தை. சங்கப் புலவர் பிசிராந்தையாரின் பெயரில் இருப்பதும் அதுவே, பறவை அல்ல.

பிற்கால அகராதிகளில் 'பேதை' என்ற பொருளும் உண்டு; தெரிந்தே வையுங்கள். 'ஆதவன்' வேறு சொல்.

ஆங்கிலத்தில் (Aadhan) தொடக்கத்தில் இரண்டு 'ஏ' வேண்டும். ஒன்றென்றால் 'அதன்' ஆகிவிடும். 'டி'க்குப் பின் 'ஹெச்' விட்டால் 'ஆடன்'. பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் தாமதக் கட்டணம் இல்லை.