வெவ்வேறு ஈற்று முயல் குட்டிகளை ஒரே கூண்டில் விடலாமா? வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

ஒட்டன்சத்திரம், கூண்டு வளர்ப்பு

பால் மறந்த முயல் குட்டிகளை ஈற்று மாற்றி, அதாவது வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்தவற்றை, ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும் என்று என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வாங்கிய ஒயிட் ஜயண்ட் இனத் தாய் முயல்கள் இரண்டு ஒரே வாரத்தில் குட்டி போட்டன. ஒன்றுக்கு எட்டு, மற்றதற்கு மூன்று. பால் மறக்கச் செய்யும் நேரம் வந்தபோது மூன்று குட்டிகளுக்கென்று தனிக் கூண்டு ஒதுக்க என்னிடம் இடமில்லை.

இரண்டு ஈற்றையும் ஒரே பிற்பகலில், இரண்டுக்கும் பழக்கமில்லாத, கழுவிக் காயவைத்த கூண்டில் விட்டேன். எட்டு இருந்த கூண்டிலேயே மூன்றையும் கொண்டுபோய்ப் போடவில்லை. அங்கே முன்பே இருப்பவைக்கு அது தங்கள் இடம். புதிய கூண்டில் எவருக்கும் பட்டா கிடையாது. கொஞ்ச நேரம் மோந்து பார்த்தன, ஒரு குட்டி இன்னொன்றின் மேல் ஏறிப் பார்த்தது, அவ்வளவுதான். இருட்டுவதற்குள் எல்லாம் ஒரே மூலையில் குவிந்து படுத்துவிட்டன.

குட்டிகளுக்குள் வேற்றுமை இல்லாமல் போனது. எனக்கும் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். எல்லாமே வெள்ளை, எல்லாவற்றுக்கும் சிவப்புக் கண். நாளைக்கு ஒரு பெட்டையை வளர்ப்புக்கு நிறுத்தினால், அதன் தாய் எது என்று எப்படிச் சொல்வது? அதனால் சேர்ப்பதற்கு முன்பே காதில் பச்சை குத்திவிட்டேன். மார்க்கர் பேனாவால் எழுதுவது சில நாள்களுக்குத்தான் நிற்கும். ஒன்றையொன்று நக்கியே அழித்துவிடுகின்றன. விற்பனைக்கு மட்டும் வளர்ப்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இனவிருத்திக்கு வைத்துக்கொள்பவர்கள் குறித்துக்கொள்ளாமல் கலக்கக் கூடாது.

ஊட்டிப் பக்கம், சித்தப்பாவின் பண்ணையைப் பார்த்துக்கொள்பவள்

அண்ணா, உங்கள் குட்டிகள் ஒரே கொட்டகையில் பிறந்தவை. அதனால் எளிதாக முடிந்தது. வெளியிலிருந்து வாங்கியவற்றைச் சேர்க்கும்போது சண்டையைப் பற்றி நான் கவலைப்படவே மாட்டேன். கவலையெல்லாம் வயிற்றைப் பற்றித்தான்.

சித்தப்பா இரண்டு வெவ்வேறு இடங்களில் குட்டிகள் வாங்கி வந்து ஒன்றாக விட்டார். எல்லாம் ஐந்து, ஆறு வார வயது. ஒரு சண்டை இல்லை, ஒரு கீறல் இல்லை. அடுத்த வாரத்தில் சில குட்டிகள் தீவனத்தை விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்தன. வயிறு மட்டும் பெருத்தது, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, பின்பக்கம் ஈரமாக இருந்தது. முதல் இரண்டு இறந்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றை அறுத்துக் காட்டியபோது கல்லீரல் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். காக்சிடியோசிஸ், குடலையும் ஈரலையும் தாக்கும் ஒட்டுண்ணி நோய்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பெரிய முயல்கள் இந்தக் கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டே நலமாக நடமாடும். குட்டிகளுக்குத் தாய்ப்பாலின் பாதுகாப்பு போகும் நேரமும், தீவனம் மாறும் நேரமும், இடம் மாறும் நேரமும் ஒன்றாக வரும்போது அது எளிதில் தலைதூக்கும். ஒரு கொட்டகைக் குட்டிகள் பழகிய கிருமி மறு கொட்டகைக் குட்டிகளுக்குப் புதிது. புழுக்கையோடு வெளியேறும் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் சில நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே, தினமும் கூண்டைச் சுத்தம் செய்வதே பாதி மருத்துவம். கம்பி வலைத் தரையில் புழுக்கை கீழே விழுந்துவிடுவதால், தரையில் கூளம் போட்டு வளர்ப்பதைவிட இதில் ஆபத்து குறைவு.

இப்போது வாங்கி வரும் குட்டிகளை இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்க்கிறோம். பழைய தீவனத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, புதியதோடு கலந்து மெல்ல மாற்றுகிறோம். வந்த அன்றே முருங்கைக் கீரையும் வேலிமசாலும் அள்ளிப் போடும் அன்பு வேண்டாம். காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காதுச் சொறி ஒன்றில் இருந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

நாமக்கல்

வயதைவிட எடையைப் பாருங்கள் என்பேன். மூன்று குட்டிகள் உள்ள ஈற்றில் ஒவ்வொன்றும் பாலை வயிறு முட்டக் குடித்து உருண்டையாக இருக்கும். எட்டு உள்ள ஈற்றில் கடைசிக் குட்டி நோஞ்சானாக இருக்கும். இவற்றை ஒன்றாக விட்டால் கடிபடாவிட்டாலும் தீவனத் தட்டில் தள்ளுபடும். நான் ஈற்றையே பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் தராசில் நிறுத்தி, பெரியவை ஒரு கூண்டு, சிறியவை ஒரு கூண்டு என்று பிரித்துவிடுவேன். குட்டி ஒன்றுக்கு ஒன்றரைச் சதுர அடியாவது கொடுத்தால் நல்லது. இரண்டு தண்ணீர்க் குழாய், இரண்டு தீவனத் தட்டு.

ஊட்டித் தங்கை சொன்ன கிருமி முட்டைக்கு பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாம் ஒன்றும் செய்யாது. கோழிப் பண்ணையில் பயன்படுத்தும் தீச்சுடர் கருவியால் காலிக் கூண்டைச் சுட்டுவிடுவேன். அது இல்லாதவர்கள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றலாம்.

சென்னை, மாடி வீட்டில் வளர்ப்பவர்

நீங்கள் எல்லாரும் பண்ணைக்காரர்கள். செல்லமாக இரண்டு வாங்குபவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சிறு வயதில் ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து ‘இவை பழகிவிட்டன’ என்று முடிவு கட்டாதீர்கள். என்னிடம் இருந்த இரண்டும் வெவ்வேறு ஈற்று, இரண்டும் ஆண். மூன்று மாதம் தாண்டியதும் தரையில் முடி உதிர்ந்து கிடக்க ஆரம்பித்தது. வட்டமடித்துத் துரத்தின. பிறகு ஒருநாள் விரைப்பையில் ஆழமான கடி. தையல் போட வேண்டியிருந்தது. கூடப் பிறந்த ஆண்களும் இதே வயதில் இதைத்தான் செய்யும் என்று மருத்துவர் சொன்னார். ஈற்று காரணமில்லை, வயதுதான் காரணம். இரண்டுக்கும் விரை நீக்கி, சில வாரம் கம்பித் தடுப்புக்கு இரு பக்கமும் வைத்திருந்து, மீண்டும் பழக்கினேன்.

கடையில் ‘இரண்டும் பெண்’ என்று சொன்னால் நம்பி வாங்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. ஒரு மாதக் குட்டியில் பாலினம் பார்ப்பது பழகிய கைக்கே தவறும். இரண்டு மாதத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். மேலே ஏறுவதை வைத்து ஆண் என்று சொல்ல முடியாது, பெட்டைகளும் ஏறும்.

ஒட்டன்சத்திரம்

சென்னை நண்பர் சொன்னது சரி. நான் மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஆண், பெண் பிரித்துவிடுகிறேன். ஆண்களை அதன் பிறகு தனித்தனிக் கூண்டில்தான் வைக்கிறேன்.

ஊட்டித் தங்கைக்கு ஒரு கேள்வி. என் கொட்டகைக்குக் கீழே நாட்டுக்கோழி மேய்கிறது. கோழிக்கு வரும் ரத்தக்கழிச்சலும் காக்சிடியாதான் என்கிறார்களே, அது முயல் குட்டிக்கு வருமா?

ஊட்டிப் பக்கம்

வராது அண்ணா. கோழிக்கு வருவது வேறு வகை, முயலுக்கு வருவது வேறு வகை. ஒன்றினுடையது மற்றதற்குத் தொற்றாது. ஆனால் கோழி புழுக்கைக் குவியலைக் கிளறிவிட்டு, அதே காலோடு தீவன மூட்டை மேல் ஏறி உட்காரும். மூட்டையை மூடி வைத்துவிடுங்கள்.