சார்வாளின் வலைப்பூவை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினேன், தமிழ் எல்லாம் குப்பையாகத் தெரிகிறது

வண்ணார்பேட்டை கடைக்காரன்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வண்ணார்பேட்டையில் சின்னதாக ஒரு கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், யாராவது கேட்டால் வெப்சைட். கஸ்டமர் ஒருத்தர் பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரே சார்வாள் என்றுதான் கூப்பிடும். 2006-லிருந்து வேர்ட்பிரஸில் எழுதுகிறார். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள், கால்வாய்கள், எந்த மடையில் எந்தக் குளத்துக்குத் தண்ணீர் போகும், ஆனித் தேரோட்டம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவரே எடுத்த படங்கள் என்று எழுநூறு பதிவுக்கு மேல் இருக்கும்.

பழைய ஹோஸ்டிங் வாடகையை ஏற்றிவிட்டார்கள், கணக்கும் இன்னும் ஆறு நாளில் முடிகிறது. வேறு இடத்தில் கணக்கு எடுத்து, கோப்புகளை எஃப்டிபியில் இறக்கி ஏற்றினேன். பதிவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸை பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியில் எக்ஸ்போர்ட் பண்ணி இந்தப் பக்கம் இம்போர்ட் பண்ணினேன். வேர்ட்பிரஸின் அமைப்பு வரிகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பு மட்டும் புதிதாக எழுதினேன். டொமைனை இன்னும் திருப்பவில்லை. என் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புது ஐபியைப் போட்டு நான் மட்டும் பார்க்கிறேன், அந்த மட்டும் பிழைத்தேன்.

பார்த்தால் ஒரு பதிவிலும் தமிழ் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர், பக்கம் முழுக்க இதே. ஓரத்தில் சார்வாள் தன்னைப் பற்றி எழுதி வைத்திருந்த கட்டத்தையே காணோம். முகப்பைத் தவிர எந்த லிங்கைத் தொட்டாலும் 404.

இன்னொன்று, லிங்கில் ‘கன்னடியன்-கால்வாயும்-சேர’ என்று நிற்கிறது. தலைப்பு ‘கன்னடியன் கால்வாயும் சேரன்மகாதேவியும்’. மீதி எங்கே போச்சு?

கூலியாக ஆயிரத்து ஐந்நூறும் ஓர் ஓலைப்பெட்டி கருப்பட்டியும் வாங்கிவிட்டேன். கருப்பட்டியில் பாதி தீர்ந்தும் போச்சு. திருப்பிக் கொடுக்க வழியில்லை.

கல்லிடை சர்வர்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லும். எங்கேயாவது வரிசையாகக் கேள்விக்குறி தெரிகிறதா? கேள்விக்குறியாக மாறியிருந்தால் அந்த எழுத்து போனது போனதுதான். கோடு போட்ட ஏயும் வட்டத்து ஆரும் என்றால் ஒன்றும் போகவில்லை, சட்டையை உள்பக்கம் வெளியே போட்ட மாதிரி கிடக்கிறது.

எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் முறையான யூடிஎஃப்8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக யாரோ படித்திருக்கிறார்கள், அந்த யாரோ உம்முடைய எக்ஸ்போர்ட்தான். 2007-க்கு முந்தைய வேர்ட்பிரஸில் டேட்டாபேஸின் எழுத்து வகையை (கேரக்டர் செட்) சொல்ல கான்ஃபிக் கோப்பில் வரியே கிடையாது. டேபிள் எல்லாம் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்து வகை) என்று பெயர் சூட்டிக்கொண்டு உள்ளே யூடிஎஃப்8 வைத்திருக்கும். உள்ளே போட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்ததால் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. பிஎச்பிமைஅட்மின் அந்தப் பெயரை நம்பி, ‘லத்தீனை யூடிஎஃப்8 ஆக்குகிறேன்’ என்று இன்னொரு தடவை மாற்றிவிட்டது.

ஓரத்துக் கட்டம் காணாமல் போனதும் இதனால்தான். அந்தக் கட்டத்துக்கு விட்ஜெட் என்று பெயர், அதில் எழுதியதை ‘இத்தனை பைட்’ என்று எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் வைத்திருக்கும். எழுத்து வீங்கியதும் கணக்கு இடிக்கிறது, வேர்ட்பிரஸ் மொத்தத்தையும் தள்ளிவிடுகிறது.

புது டேட்டாபேஸை ஒட்டுப்போட வேண்டாம், துடைத்துவிடும். பழைய ஹோஸ்டிங்கின் சிபேனலில் கட்டளை தட்டும் டெர்மினல் இருந்தால், டேட்டாபேஸை இறக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையில் கேரக்டர் செட் லத்தீன்1 என்று கொடுத்து, ஸ்கிப்-செட்-சார்செட்டும் சேர்த்து இறக்கும். கோப்பை எடிட்டரில் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே போகாதீர். தெரிந்தால், டேபிள் உருவாக்கும் வரிகளில் லத்தீன்1 என்று இருப்பதை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 (யூடிஎஃப்8-ன் முழு வடிவம்) ஆக்கி, அதே பெயரைச் சொல்லி இம்போர்ட் பண்ணும். பதிவுகளுக்குள் சார்வாளே லத்தீன் பற்றி ஏதாவது எழுதியிருப்பார், கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றிவிடாதீர்.

தென்பொருநை:

404-க்கு நான் சொல்கிறேன். லிங்குகளுக்கு வழி சொல்லும், புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்சஸ் கோப்பு எஃப்டிபியில் மறைந்திருக்கும், அதை விட்டிருப்பீர்கள். செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் போய் ஒன்றையும் மாற்றாமல் சேவ் பண்ணுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும்.

‘சேர’ உங்கள் தப்பு இல்லை. லிங்குக்கு டேட்டாபேஸில் 200 இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்துமாக 9 இடம் பிடிக்கும். எண்ணிப் பாருங்கள், க, ன, புள்ளி என்று போனால் ‘சேர’ வரை 22 குறி, இரண்டு கோடு, சரியாக 200. (உட்கார்ந்து எண்ணினேன், இன்று கரண்ட் இல்லை.) அதெல்லாம் வெறும் ஆங்கில எழுத்தாகச் சேமித்திருப்பதால்தான் பதிவு கெட்டும் லிங்க் கெடவில்லை. நேராக்குகிறேன் என்று தொடாதீர்கள். இத்தனை வருஷமாகப் பகிர்ந்ததெல்லாம் அந்த வெட்டுப்பட்ட லிங்க்தான்.

டொமைன் பெயரில் சார்வாளுக்கு மெயில் உண்டா? டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றினால் அதுவும் கூடவே போய்விடும்.

வண்ணார்பேட்டை கடைக்காரன்:

உண்டு! வாசகர் கடிதம் முழுக்க அதில்தான். நல்லவேளை கேட்டீர்கள். பழைய பெட்டியை தண்டர்பேர்டில் ஐமேப் போட்டு இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

கேள்விக்குறி எங்கேயும் இல்லை. பழைய கான்ஃபிக்கில் கேரக்டர் செட் வரியும் இல்லை. அண்ணாச்சி சொன்னது சரி.

வண்ணார்பேட்டை கடைக்காரன்:

முடிந்தது அண்ணாச்சி. பழைய இடத்தில் டெர்மினல் கிடையாது, டிக்கெட் போட்டு அவர்களையே லத்தீன்1-ல் இறக்கித் தரச் சொன்னேன். இரண்டு நாள் இழுத்தார்கள். கோப்பைத் திறந்ததும் முதல் கண்ணில் பட்டது ‘மருதூர் அணைக்கட்டு’, பச்சைத் தமிழில். உட்கார்ந்திருந்த கஸ்டமர் என்னமோ ஏதோ என்று எழுந்துவிட்டார், அப்படிக் கத்தியிருக்கிறேன். ஏற்றியதும் ஓரத்துக் கட்டம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

டிடிஎல் (டொமைனின் பழைய முகவரியை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) 14400 என்று இருந்ததை 300 ஆக்கி, ஒரு நாள் விட்டு, நேற்று ராத்திரி டொமைனைத் திருப்பினேன். புது இடத்தில் மெயில் பெட்டியும் திறந்து, இறக்கிய கடிதங்களை ஏற்றிவிட்டேன்.

காலையில் சார்வாள் போன். “தம்பி, சுத்தமல்லி பதிவில ‘குளத்துக் கரை’யில ஒரு ஒற்று விட்டுப் போயிருக்கே, அதுவும் நீ மாத்தினதுலதானாடே?”

பழைய கணக்கில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒற்று இல்லை. சார்வாளிடம் இன்னும் சொல்லவில்லை.