70% ஸ்லாக் போட்டா முதல் நாள் ஸ்ட்ரெங்த் வரமாட்டேங்குது, எந்த ஆக்டிவேட்டர் போடலாம்?

கியூப்உடைப்பவன்:
வணக்கம் மக்களே. கார்பன் கம்மி பண்ணணும்னு 70% ஸ்லாக் (இரும்பு உலைக் கசடை அரைச்ச தூள்), 30% சாதா சிமெண்ட்னு கான்கிரீட் மிக்ஸ் போட்டுட்டு இருக்கேன். 28 நாள்ல டெஸ்ட் கியூப் நல்லாவே தாங்குது, பிரச்சனை எல்லாம் முதல் ரெண்டு மூணு நாள்தான், மறுநாள் மோல்டு கழட்டுனா ஓரமெல்லாம் கையோட வந்துடுது. ஸ்லாக்கைத் தூண்டிவிடற ஆக்டிவேட்டரா ஒருத்தர் காஸ்டிக் சோடா போடுங்கறார், இன்னொருத்தர் வாட்டர் கிளாஸ்தான் (சோடியம் சிலிகேட்) பெஸ்ட்டுங்கறார், மூணாவது ஆள் கால்சியம் குளோரைடே போதும்ங்கறார். உள்ள கம்பி வர்ற வேலை, சூடு பண்ணி கியூர் பண்ற வசதியும் இல்ல. எதை, எவ்ளோ போடலாம்?

கலவைக்காரன்:
கம்பி இருக்குன்னு சொன்னதுமே குளோரைடை அடிச்சிடுங்க, துருவுக்கு நாமளே வாசல் திறந்து விட்ட மாதிரி ஆயிடும்.

ஸ்லாக்குங்கிறது அடிப்படையில கண்ணாடிதான் சார். வெறும் தண்ணில ரொம்ப மெதுவாதான் கரையும், அது வேகமா கரையணும்னா பிஹெச் நல்லா ஏறணும். உங்க மிக்ஸ்ல அந்த வேலைய சிமெண்ட்லேருந்து வர்ற கால்சியம் ஹைட்ராக்சைடுதான் பாக்குது, சிமெண்டே 30%தான்னா ஆரம்பத்துல மந்தமா இருக்கறதுல ஆச்சரியம் இல்ல.

என் ஓட்டு சோடியம் சல்பேட்டுக்கு. பைண்டர் (சிமெண்டும் ஸ்லாக்கும் சேர்த்து) எடையில 1%ல ஆரம்பிச்சு 2% வரைக்கும் போய்ப் பாருங்க. அது கால்சியம் ஹைட்ராக்சைடோட சேர்ந்து கலவைக்குள்ளயே காஸ்டிக்கை உண்டாக்கும், பிஹெச் ஏறும், மிச்சம் வர்ற சல்பேட் அலுமினாவைப் பிடிச்சு எட்ரிஞ்சைட்ங்கற படிகமா ஆகி ஓட்டைய அடைக்கும், ஒரே உப்புல ரெண்டு வேலை. காஸ்டிக் மாதிரி கையை வேக வைக்காதுங்கறது போனஸ்.

ஜியோபாலிமர்வெறியன்:
இன்னும் ஏன் அந்த 30%ஐ கட்டிட்டு அழறீங்க? முழுசா ஸ்லாக், அதுல வாட்டர் கிளாஸ், முடிஞ்சது. இது ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்ல, 1950கள்லயே கீவ்ல குளுகோவ்ஸ்கி இதுல இறங்கிட்டார், ஆஸ்திரேலியாவுல 2014ல திறந்த வெல்கேம்ப் ஏர்போர்ட்ல விமானம் நிக்கற தரையே ஜியோபாலிமர் கான்கிரீட்தான், அதாவது சாதா சிமெண்ட் இல்லாம இப்படி காரத்தால இறுகறது.

சாம்பல்மேடு:
@ஜியோபாலிமர்வெறியன் வரலாறு சரி, ஆனா அந்த வாட்டர் கிளாஸ் எங்கேருந்து வருது? மணலையும் சோடா உப்பையும் ஆயிரம் டிகிரிக்கு மேல உருக்கி செய்யறது. சிமெண்ட்ல மிச்சம் புடிச்ச கார்பன்ல ஒரு பங்கு அந்த உலைலயே போயிடும். கணக்கு போடறப்ப பைண்டரை மட்டும் எழுதிட்டு ஆக்டிவேட்டரை விட்டுடறாங்க, இது எனக்கு ரொம்ப நாளா இருக்கற கடுப்பு.

அது போக ஸ்லாக்கும் வாட்டர் கிளாஸும் சேர்ந்தா சில சமயம் கொட்டறதுக்குள்ளயே இறுகிடும், சுருக்கமும் ஜாஸ்தி, சிமெண்டுக்குன்னு வாங்கின பிளாஸ்டிசைசர் (தண்ணி கம்மியா இருந்தாலும் கலவைய இளக வைக்கற மருந்து) அந்தக் காரத்துல பாதி வேலை கூட செய்யாது. ஸ்லாக்குக்குப் பதிலா சுண்ணாம்பு கம்மியான ஃப்ளை ஆஷ்னா (அனல் மின் நிலையச் சாம்பல்) 60லேருந்து 80 டிகிரி சூடு வேற கேக்கும். கார்பன் கம்மின்னு சோடியம் கார்பனேட் பக்கம் போனா, முதல்ல அந்த கார்பனேட் தீரணும், அப்புறம்தான் ஸ்லாக் வேகமெடுக்கும், அதுக்கு நாலஞ்சு நாள் கூட ஆகலாம். கேட்டவருக்கு வேணும்ங்கறதுக்கு நேர் எதிர்.

கியூப்உடைப்பவன்:
நன்றி எல்லாருக்கும். அப்ப 30% சிமெண்ட்டை வச்சுக்கிட்டே நேரடியா காஸ்டிக் போட்டா என்ன? எப்படியும் உள்ள காஸ்டிக்தானே உருவாகுதுன்னு சொல்றீங்க.

கலவைக்காரன்:
முதல் நாள் ஏறும், ஆனா 28 நாள்ல இப்ப வர்றதை விட இறங்க வாய்ப்பு அதிகம். அவசரமா உருவாகற ஜெல் துகளைச் சுத்தி அடர்த்தியா படிஞ்சிடுது, அப்புறம் உள்ள இருக்கறது ரியாக்ட் ஆக வழி இல்லாம போகுது. சல்பேட்லயும் பிந்தைய ஸ்ட்ரெங்த் கொஞ்சம் அடி வாங்கலாம், அதனாலதான் 1%லேருந்து ஆரம்பிங்கன்னேன்.

இன்னொண்ணு, ஜல்லியைப் பாத்துக்கோங்க, சில வகை ஜல்லி காரத்தோட ரியாக்ட் ஆகி வீங்கி கான்கிரீட்டை விரிசல் விட வைக்கும். ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ பைண்டர்னு வைங்க, 2% சல்பேட்னா 8 கிலோ, அதுல சோடியம் ஆக்சைடா பாத்தா சுமார் 3.5 கிலோ. சிமெண்ட்ல ஏற்கெனவே இருக்கற காரம் தனி. ஸ்லாக் இவ்ளோ இருக்கறப்ப ஜல்லியோட கார ரியாக்ஷன் அடங்கித்தான் இருக்கும், ஆனாலும் ஜல்லி ரியாக்டிவ் வகைன்னா டெஸ்ட் பண்ணாம இறங்காதீங்க.

சாம்பல்மேடு:
உப்பை பவுடரா கொட்டாம மிக்ஸ் தண்ணில முழுசா கரைச்சு ஊத்துங்க. தண்ணி ஜில்லுன்னு இருந்தா கரையறது பயங்கரமா குறையும், 32 டிகிரி பக்கத்துலதான் அதிகமா கரையும், அதனால வெதுவெதுப்பா இருந்தா நல்லது. ஆமா, தண்ணி பைண்டர் விகிதம் எவ்ளோ வச்சிருக்கீங்க? அதைச் சொல்லவே இல்லையே.

கியூப்உடைப்பவன்:
0.50

சாம்பல்மேடு:
அடப்பாவி, தண்ணி ஜாஸ்தி. முதல்ல பிளாஸ்டிசைசர் போட்டு 0.40க்கு இறக்கி ஒரு செட் உடைச்சுப் பாருங்க, உப்பு மூட்டைய அப்புறம் பிரிக்கலாம்.