திரையில ஓடும்போதுதான் தெரிஞ்ச கோளாறு: ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க

டைம்லைன்24

நவம்பர்ல கோவா, டிசம்பர்ல திருவனந்தபுரமும் சென்னையும்னு திரைப்பட விழா சீசன் நெருங்குது. எக்ஸ்போர்ட் பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. எனக்கு இன்னும் உறுத்துற விஷயம் இது.

20 நிமிஷக் குறும்படம். கடைசி சீன்ல அம்மா கதவைத் திறக்கணும், வெளிய யாரும் இருக்கக் கூடாது. தியேட்டர்ல கதவு கிறீச்சிட்டது கேட்டுடுச்சு, அம்மா அப்பத்தான் அடுப்படியில முறத்துல புடைச்சிட்டு இருக்கா. இசையும் முடிஞ்சு போச்சு. அப்புறம் 50 விநாடி சத்தமே இல்லாம படம் மட்டும் ஓடுது. மௌனம் டைரக்டர் டச்சுன்னு முன்வரிசையில கைதட்டுறாங்க!

காரணம் இவ்வளவுதான். எடுத்தது விநாடிக்கு 25 ஃப்ரேம். டிசிபி (தியேட்டர் சர்வர்ல ஓடுற ஃபைல் தொகுப்பு) போட, படத்தை ஃப்ரேமுக்கு ஒரு டிஃப் ஃபைலாவும் ஒலியைத் தனி வேவ் ஃபைலாவும் கொடுத்திருக்காங்க. டிஃப் ஃபைலுக்குள்ள விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிற தகவலே கிடையாது. சாஃப்ட்வேர்ல 24னு இருந்தது, அப்படியே எடுத்துக்கிச்சு. 30,000 ஃப்ரேமை 24ஆல வகுத்தா 20 நிமிஷம் 50 விநாடி. ஒலி மட்டும் 20 நிமிஷத்துலயே முடிஞ்சுடுச்சு. அதே படத்தை ஒலியோட சேர்ந்த ஒரே புரோரெஸ் வீடியோ ஃபைலா டிசிபி-ஓ-மேட்டிக் சாஃப்ட்வேர்ல போட்டிருந்தா அதுவே ரெண்டையும் சேர்த்து மாத்தியிருக்கும். குரல் 4 சதவீதம் கனக்கும், ஆனா உதடு விலகாது.

25லயே டிசிபி பண்ணலாம், ஆனா அது எஸ்எம்பிடிஇங்கிற புது டிசிபி முறையில மட்டும். பழைய இன்டராப் முறையில 24, 48 தவிர வேற எடுக்காது. 25ல ஏன் எடுக்கிறாங்கன்னு தெரியும், நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் துடிக்கும். 24லயே ஷட்டரை 172.8 டிகிரி வச்சா சரியா 1/50 விநாடி வரும், துடிப்பு போயிடும். எக்ஸ்போர்ட் மெனுவுல 23.98 வேற, 24.00 வேற, பாத்துத் தேர்ந்தெடுங்க.

புரொஜெக்டர்_அறை

டைம்லைன் சொன்னது நடக்கும். ஆனா பாதிப் பேர் அந்தக் கட்டத்துக்கே வர்றதில்ல.

6 மணி ஷோ. 5:50க்கு ஹார்ட் டிஸ்க் வருது. செருகினா சர்வர் கண்டுக்கவே இல்ல. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணியிருக்கு. சர்வர் உள்ளுக்குள்ள லினக்ஸ், அதுக்குப் பிடிச்சது இஎக்ஸ்டி3. சரி, ஃபேட்32 பென் டிரைவ்ல மாத்தலாம்னா ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, டிசிபில படம் இருக்கிற எம்எக்ஸ்எஃப் ஃபைல் அதைவிடப் பெருசு.

கடைசியில லேப்டாப்பை எச்டிஎம்ஐல மாட்டி ஓட்டினாங்க. தாத்தா சாகிற சீன். திரையோட வலது மூலையில, 20 அடி அகலத்துக்கு ஒரு மெசேஜ்: "குக்கர் 3 விசில் வந்தாச்சு, அணைக்கவா?"

டிசிபி அதிகபட்சம் விநாடிக்கு 250 மெகாபிட். 20 நிமிஷத்துக்கு 37 ஜிபி வரைக்கும் போகலாம். 100 மெகாபிட்ல போட்டாலும் 15 ஜிபி. பழைய யுஎஸ்பி 2 போர்ட்ல அதை ஏத்தவே பத்து நிமிஷத்துக்கு மேல. ஏத்தி முடிச்சதும் சர்வர் ஒவ்வொரு ஃபைலையும் சரிபார்க்கும். ஃபோல்டருக்குள்ள ஃபைல் பேரை அழகுபடுத்துறேன்னு மாத்தியிருந்தா அங்கேயே நின்னுடும், அசெட்மேப்ங்கிற பட்டியல் ஃபைல்ல பழைய பேர்தானே இருக்கு. ரெண்டு நாள் முன்னாடி கொடுங்க, ரெண்டு காப்பி கொடுங்க. என்கிரிப்ட் பண்ணிப் பூட்டின டிசிபி வேணவே வேணாம். அதைத் திறக்கிற டிஜிட்டல் சாவி, கேடிஎம், வராம ஷோ நின்னா கூட்டம் எங்களைத்தான் திட்டும்.

பூம்மைக்

அண்ணே, எல்லாம் சரி. தியேட்டர் வால்யூம் ஃபேடரை 7ல இருந்து 4.5க்கு இறக்கினது உங்க ஆளுங்கதானே? அண்ணன், தங்கச்சி ரெண்டு பேரும் கிணத்தடியில முணுமுணுன்னு பேசற சீன், படமே அந்த 3 வரியிலதான் இருக்கு. தியேட்டர்ல கேட்டது ஏசி சத்தம் மட்டும். எனக்குப் பின்னாடி உக்காந்திருந்தவர் "என்ன சொன்னா?"னு ரெண்டு தடவை கேட்டார்.

புரொஜெக்டர்_அறை

ஒரே ஸ்லாட்ல 8 குறும்படம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு லெவல். முதல் படம் காதைக் கிழிச்சா மேனேஜர் ஓடி வருவார். இறக்கத்தான் செய்வோம். திரும்ப ஏத்த மறந்தது தப்பு, ஒத்துக்கிறேன்.

பூம்மைக்

அந்த முதல் படம் ஏன் கிழிச்சுது? யூட்யூபுக்காக, லஃப்ஸ்ங்கிற சத்த அளவுல -14க்கு மிக்ஸ் பண்ணதை அப்படியே டிசிபில போட்டிருக்காங்க. தியேட்டர்ல ஃபேடர் 7ங்கிறது 85 டெசிபலுக்குக் கட்டின அளவு. அங்க பேச்சு -27 பக்கம் உக்காந்தாத்தான் இயல்பா இருக்கும். 13 டெசிபல் அதிகமா ஓடினா யாரா இருந்தாலும் இறக்குவான். இறக்கினதும் அடுத்து வர்ற ஒழுங்கான படம் செத்துடும். ஒருத்தன் பண்ற தப்புக்கு அடுத்த படம் அடி வாங்குது.

இன்னொண்ணு, ஸ்டீரியோ. ஹெட்ஃபோன்ல வசனம் நடுவுல கேட்கும். தியேட்டர்ல இடது, வலது ஸ்பீக்கர்ல மட்டும் வரும், திரைக்கு நடுவுல இருக்கிற சென்டர் ஸ்பீக்கர் ஊமையா இருக்கும். ஓரத்து சீட்ல இருக்கிறவனுக்கு நாயகி சுவத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். 5.1 மிக்ஸுக்குக் காசில்லைன்னா பரவாயில்ல, வசனத்தை மட்டுமாவது சென்டருக்கு மாத்துங்க. டிசிபில சேனல் வரிசை இடது, வலது, சென்டர், எல்எஃப்இ (சப்வூஃபருக்குப் போறது), இடது சரவுண்டு, வலது சரவுண்டு. சென்டரும் எல்எஃப்இயும் இடம் மாறினா வசனம் பூரா சப்வூஃபர்ல உறுமும்.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். இதெல்லாம் ஸ்பாட்ல ஆரம்பிக்கிற வியாதி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ல பதியுங்க. ஃபேனை நிறுத்துங்க. ஃப்ரிட்ஜை நிறுத்தினா கார் சாவியை அதுக்குள்ளயே வைங்க, அப்பத்தான் கிளம்பும்போது திரும்ப ஆன் பண்ணுவீங்க; வீட்டுக்காரம்மாவோட மாவு புளிச்சுப் போனா அடுத்த தடவை லொகேஷன் கிடைக்காது. ஒவ்வொரு இடத்துலயும் எல்லாரும் அசையாம நின்னு 1 நிமிஷம் வெறும் அறைச் சத்தம் எடுங்க. அது இல்லாம வெட்டின வசனத்துக்கு நடுவுல குழி விழும். எந்த நாய்ஸ் ரிடக்‌ஷனும் அந்தக் குழியை மூடாது.

வசனவரி

எல்லாரும் சவுண்டு, டிஸ்க்னு பேசுறீங்க. நான் பாத்தது ஒரே ஒரு வரி. கணவன் வெளிநாட்டுக்குக் கிளம்புறான், வாசல்ல நின்னு "போயிட்டு வர்றேன்"ங்கிறான். இங்கிலீஷ் சப்டைட்டில்ல "நான் போறேன்"னு மட்டும் வந்துச்சு. 'வர்றேன்' காணோம். படத்தோட மீதி முழுக்க அவ காத்திருக்கிறதுதான். கோவாவுல கேள்வி நேரத்துல ஒருத்தர் எழுந்து, "அவன் உறவை முறிச்சிட்டுப் போயிட்டானே, அவ ஏன் வாசல்லயே உக்காந்திருக்கா?"ன்னார். மேடையில இருந்தவங்களுக்கு அந்தக் கேள்வியே புரியல.

மொழிபெயர்க்கிறவர்கிட்ட ஸ்கிரிப்ட் மட்டும் கொடுக்காதீங்க, படத்தைக் காட்டுங்க. ஒரு தடவைக்கு 2 வரி, வரிக்கு 42 எழுத்துக்குள்ள, 1 விநாடிக்குக் குறைச்சல் வேண்டாம். எஸ்ஆர்டி சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்-8ல சேமிங்க. 23.976 ஃப்ரேம்ல டைம் பண்ணின வரியை 24 ஃப்ரேம் படத்துல போட்டா 90 நிமிஷத்துல 5.4 விநாடி விலகும். சிரிப்பு ஒரு வசனம் தள்ளி வரும். இருளர் மொழிப் படத்துக்கோ மலையாளப் படத்துக்கோ தமிழ்ல சப்டைட்டில் போடறதா இருந்தா படத்துலயே பதிச்சிடுங்க. தனி ஃபைலாக் கொடுத்தா பல சர்வர்ல தமிழ் எழுத்தோட கொம்பு தனியா, கால் தனியா நிக்கும்.

வடமராட்சி_ஷாட்

எங்கட பக்கத்துப் பெடியன் ஒருத்தன்ர படம். இரவில தோணிக்குள்ள ரெண்டு பேர் கதைக்கினம். லப்டொப்பில பாக்கேக்க கடல், வலை, முகம் எல்லாம் வடிவாத் தெரிஞ்சுது. திரையில ஒண்டுமே இல்லை, ஒரு பீடி நெருப்பு மட்டும் மேலயும் கீழயும் போய் வருது. 4 நிமிசம். சனம் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தது.

லப்டொப் வெளிச்சம் 300 நிட்ஸ் வரும். தியேட்டர் திரை 48 நிட்ஸ்தான். வெயில் வாற அறைக்குள்ள, வெளிச்சத்தைக் கூட்டி வச்சுக்கொண்டு கலர் கிரேட் பண்ணினா இதுதான் நடக்கும். இரவுக் காட்சியளை இருட்டறைக்குள்ள, மொனிட்டரை 100 நிட்ஸுக்குக் குறைச்சுப் பாருங்கோ. ஏலுமெண்டா ஒரு காலைமைக் காட்சிக்கு முன்னம் தியேட்டரில 2 நிமிசம் ஓட்டிப் பாருங்கோ.

16:9 படத்தை 2கே டிசிபியில ஃபிளாட் எண்ட தியேட்டர் சட்டத்துக்குள்ள போடேக்க ரெண்டு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு வாறது பிழையில்லை. அதை இழுத்து நிரப்ப வேண்டாம், ஆக்கள் குண்டாத் தெரிவினம்.

ஃபார்ம்_நிரப்பி

அந்தப் பீடி விழாவோட நின்னுடாது. தியேட்டர், டிவின்னு போனா தொடக்கத்துலயும் நடுவுலயும் 30 விநாடி புகையிலை எச்சரிக்கை, அதுகூட 20 விநாடி ஒலி-ஒளி அறிவிப்பு, பீடி திரையில இருக்கிற வரைக்கும் கீழ ஒரு எச்சரிக்கை வரி. 4 நிமிஷ ஷாட்டுக்கு 4 நிமிஷமும் வரி!

எனக்கு உறுத்துறது ஆட்டுக்குட்டி. ஒரு முழுநீளப் படம், திண்ணையில கட்டின குட்டியைச் சின்னப் பொண்ணு தூக்கிக் கொஞ்சுவா. போஸ்டரே அந்த ஷாட்தான். விழாக்கள்ல ஓடிச்சு. சென்சாருக்குப் போனப்போ விலங்கு நல வாரியத்தோட தடையின்மைச் சான்று கேட்டாங்க. எடுக்கல. போஸ்டர்ல இருக்கிற ஷாட்டையே படத்துல இருந்து வெட்டினாங்க. விலங்கை நடிக்க வைக்கிறதா இருந்தா ஷூட்டுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும், 2001 விதி. வாரியமும் இப்ப திருவான்மியூர்ல இல்ல, ஹரியானா பல்லப்கட் போயாச்சு, நேர்ல போய்க் கேட்டுக்கலாம்னு இருக்காதீங்க. "எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை"ன்னு கார்டு போட்டா சான்று ஆகிடாது.

விழாவுக்குச் சென்சார் வேணுமான்னு மாசத்துக்கு நாலு பேர் கேக்கறாங்க. நடத்துறவங்க தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துல விலக்கு வாங்கினா வேண்டாம். வாங்கினாங்களான்னு கேட்டுக்கங்க. அதுக்கப்புறம் சான்றிதழ் எடுக்கிறப்போ 2024 விதிப்படி யுஏ இப்ப 7, 13, 16னு மூணாப் பிரிஞ்சிருக்கு.

முழுநீளப் படம் ரஃப் கட்ல, அதாவது முதல்கட்ட எடிட்ல, நிக்கறவங்களுக்கு, கோவா விழாவோட சந்தையான பிலிம் பஜாரோட வொர்க் இன் புரோக்ரஸ் பிரிவு இருக்கு. 2025ல இருந்து அது வேவ்ஸ் பிலிம் பஜார், பழைய பேர்ல தேடினா குழம்புவீங்க. விழாக்களுக்குப் படம் அனுப்புற பிலிம்ஃப்ரீவே தளத்துல ஒரே விழாவுக்கு முதல் கெடுவுல ஒரு கட்டணம், கடைசிக் கெடுவுல அதைவிட அதிகம். மாசாமாசம் 60 பிரிவுல விருது கொடுத்து, எந்த அரங்குலயும் திரையிடாத விழாவுக்குக் காசு கட்டாதீங்க, போஸ்டர்ல ஒட்டுற விருது இலைப் படம் மட்டும்தான் மிஞ்சும். சொந்தக்காரங்க பாக்கணும்னு யூட்யூப்ல ஏத்திட்டு, அப்புறம் பிரீமியர் (முதல் திரையிடல்) கேக்கிற விழாவுக்கு அனுப்பிப் பிரயோஜனமில்ல.

வசனவரி

ஆட்டுக்குட்டிக்கும் இந்தத் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்?

ஃபார்ம்_நிரப்பி

திரையில ஓடல, அதான் கோளாறு.

மதுரை_பிக்சல்

டைம்லைன், என் கேமராவுல டிகிரிக் கணக்கே இல்ல. 1/48, 1/50, 1/60 இதான் இருக்கு.

டைம்லைன்24

1/50 வைங்க, 172.8ம் அதுவும் ஒண்ணுதான். டிம்மர் போட்ட எல்இடிக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. ஸ்பாட்லயே 10 விநாடி எடுத்து, சுவத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. பட்டை மேல ஏறுச்சுன்னா டிம்மரை முழுசா ஏத்திட்டு, லைட்டு முன்னாடி வெள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டி வெளிச்சத்தைக் குறைங்க.