கோயிலில் சீனி வருத்தப் பரிசோதனை: எந்த அளவை வைத்துப் பார்ப்பது?

கேள்வி (ஹரோ தொண்டர்):
வணக்கம். லண்டன் ஹரோவில் கோயில் மண்டபத்தில் ஒருநாள் சீனி வருத்த (நீரிழிவு) பரிசோதனை வைக்க இருக்கிறோம். வருபவர்களில் அநேகர் இலங்கைத் தமிழர். 40 வயது தாண்டி, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற நிறையின் அளவு) 25க்கு மேல் உள்ளவர்களை மட்டும் பார்த்தால் போதுமா?

பதில் 1:
போதாது. நைஸ் (இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பு) வழிகாட்டலில் தெற்காசியருக்கு ஆபத்து பிஎம்ஐ 23இலேயே தொடங்குகிறது, 27.5இலிருந்து கூடிய ஆபத்து. 170 செ.மீ. உயரம், 70 கிலோ நிறை என்றால் பிஎம்ஐ 24.2. பொது அட்டவணையில் அவர் சரியான நிறை. எங்கட ஆக்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேர்வதால், அந்த நிறையிலேயே சீனி ஏறத் தொடங்கலாம்.

வயதும் அப்படித்தான். அரச சுகாதார சேவையான என்எச்எஸ் செய்யும் ஹெல்த் செக் பரிசோதனை 40 முதல் 74 வயது வரை. ஆனால் தெற்காசியருக்கு 25 வயதிலிருந்தே ஆபத்தை மதிப்பிடலாம் என்று நைஸ் சொல்கிறது. பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிவரும் தாய் தகப்பனை விட்டுவிடாதீர்கள்.

இடுப்புச் சுற்றளவும் எடுங்கோ: ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. எல்லை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். பெல்ட் கட்டும் இடத்தில் அளந்தால் நாடா தொந்திக்குக் கீழே போய்விடும், அளவு குறைந்து வரும். சேலைக் கொசுவத்துக்கு மேலால் அளந்தால் கூடி வரும். திரையும் ஒரு பெண் தொண்டரும் கட்டாயம்.

பதில் 2:
விரல் குத்திச் சீனி பார்ப்பதை அன்னதானத்துக்கு முன் முடியுங்கோ. புக்கை (பொங்கல்) தொட்ட விரலில் எண் பொய்யாக ஏறும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும்.

அந்த எண்ணை வைத்து ஒருவருக்கும் "உங்களுக்கு சீனி இல்லை" என்று சொல்லாதீர்கள். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஜிபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம்தான் எடுக்க வேண்டும். அது 42–47 (mmol/mol) என்றால் நீரிழிவு வரும் ஆபத்து, 48 முதல் நீரிழிவு. அறிகுறி இல்லாவிட்டால் இன்னொரு தரம் எடுத்து உறுதிப்படுத்துவார்கள். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இது கூட்டிக் காட்டலாம், ஆகவே ரத்தசோகை உள்ள பெண்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மரக்கறி மட்டும் சாப்பிட்டு மெட்ஃபோர்மின் (நீரிழிவு மருந்து) போடுபவர்கள் பி12 விற்றமினையும் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும்.

பதில் 3:
ஒன்று விடுபட்டுப் போச்சு. ஜிபி படிவத்தில் இனத்தைக் குறிக்கும் இடத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவருக்குத் தனிப் பெட்டி உண்டு, எங்களுக்கு இல்லை. 2021 குடிசன மதிப்பீட்டிலும் அதே கதை. "வேறு ஆசியர்" என்பதைக் குறித்து, பக்கத்தில் "இலங்கைத் தமிழர்" என்று எழுதப் பழக்குங்கோ. வெறுமையாக விட்டால், இதய ஆபத்தைக் கணக்கிடும் கியூரிஸ்க்3 அவரை வெள்ளையரோடு சேர்த்துவிடும்.

ஜிபியிடம் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லலாம், காசில்லை. பேரப்பிள்ளையை வைத்துச் சமாளிக்கத் தேவையில்லை.