சீவின வெப்லியில் .45 ஏசிபி போடலாமா?

வெப்லிதாசன்:
நேற்று விலை பேசுகிற திரியில், வெப்லி என்கிற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரைப் பற்றிப் பழைய இரும்பு இப்படி எழுதியிருந்தார்: "வெப்லி மார்க் 6 எருமை மாதிரி. சிலிண்டர் சீவினது என்றால் கடையில் விற்கிற .45 ஏசிபி தோட்டாவைப் போட்டு நிம்மதியாகச் சுடலாம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. புதிதாக வாங்கியவர் யாராவது இதை நம்பிவிடுவார்.

மார்க் 6 பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது 1915ல். அதன் .455 தோட்டாவில் 265 கிரெயின் எடையில் ஈயக் குண்டு, வேகம் நொடிக்கு 600 அடி சொச்சம். கனமான குண்டு, நிதானமான ஓட்டம். அதற்கு அளவெடுத்துச் செய்த துப்பாக்கி அது. பின்னால் அமெரிக்காவில் உபரியாக வந்து குவிந்தபோது .455 கிடைக்கவில்லை, .45 ஏசிபி மலிவாகக் கிடைத்தது. தோட்டா உட்காருகிற சிலிண்டரின் பின்முகத்தை லேத்தில் சீவி, விளிம்பில்லாத ஏசிபி அதைப் பிடித்துக்கொள்கிற அரைவட்டக் கிளிப்போடு உட்காருகிற மாதிரி செய்து விற்றார்கள். தோட்டா உட்காரும், வெடிக்கும். ஆனால் .455 தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 13,000 பவுண்டு வாக்கில். ஏசிபிக்கு 21,000 வரை அனுமதி. லேத்தில் சீவினால் இரும்புக்கு வலு கூடுமா?

பழைய இரும்பு:
வந்துவிட்டார் வாத்தியார். ஐயா, என்னுடையதில் 12 வருடமாக ஏசிபிதான் போடுகிறேன். பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் எண்களைப் படிக்கிறீர்கள், நான் சுடுகிறேன்.

வெப்லிதாசன்:
12 வருடம் உடையவில்லை என்பதற்கு ஒரே அர்த்தம், இன்னும் உடையவில்லை என்பதுதான். 13,000க்கும் 21,000க்கும் நடுவில் 8,000 இருக்கிறது. துப்பாக்கியைச் செய்தபோது சோதனைச் சாலையில் .455 அழுத்தத்துக்கு மேல் 30 சதவீதம் கூட்டி வெடித்துப் பார்த்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 17,000கூட வராது. சோதனைக்குப் போட்டதைவிடப் பலமான தோட்டாவை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போடுகிறீர்கள். மேலே இருக்கிற கொக்கி ஆடுகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? நடுவில் மடிந்து திறக்கிற துப்பாக்கியில் மொத்த அடியும் அந்தக் கொக்கியிலும் கீலிலும்தான் விழுகிறது.

பழைய இரும்பு:
ஆடவில்லை.

வெப்லிதாசன்:
எதை வைத்துப் பார்த்தீர்கள்?

பழைய இரும்பு:
கையை வைத்து. ராணுவத்தில் சேற்றிலும் மழையிலும் கிடந்த சாமான் ஐயா இது. அகழியில் எலி கடித்தும் தாங்கியது, ஏசிபிக்குத் தாங்காதா?

ஊசிக்கண்:
சேறு வேறு, அழுத்தம் வேறு அண்ணே. இதில் வெப்லிதாசன் பக்கம்தான் நான். ஆனால் அவரும் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். போன வருடம் நான் என் மார்க் 6க்குப் புதிதாக நீலப்பூச்சு போட்டபோது "கொலை" என்று எழுதினீர்கள். சீவின துப்பாக்கியை "பாவம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறீர்கள். லேத்தில் கொடுத்தவனுக்கு இரக்கம், எனக்கு வசவா?

வெப்லிதாசன்:
சீவினவர்கள் நம் தலைமுறை இல்லை, அவர்களிடம் போய்ச் சண்டை போட முடியாது. நீங்கள் என் கண்முன்னால் செய்தீர்கள். அந்தத் துப்பாக்கியில் பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரைகள் கூர்மையாக இருந்தன. பஃப் வைத்துத் தேய்த்ததில் பாதி மங்கிவிட்டது. பழைய பூச்சு பழுப்பாகிப் போனால் அது துரு இல்லை, வயது. செந்துரு வந்த இடத்தில் மட்டும் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்திருந்தால் போதும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஊசிக்கண்:
என் பணம், என் துப்பாக்கி.

திருச்சி நோக்கன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் தாத்தா பர்மா போரில் இருந்தவர். வீட்டில் மிஞ்சியது வெப்லியின் தோல் உறை மட்டும். இந்தியாவில் .455 தனியாருக்குத் தடை செய்யப்பட்ட விட்டம், அதனால் துப்பாக்கியை ஆசைப்படவே முடியாது. உறையையாவது காப்பாற்ற வேண்டும். பித்தளைக் குமிழில் பச்சையாகப் பூக்கிறது.

பழைய இரும்பு:
தம்பி, லைசென்ஸ் கேட்டுப் பாருங்கள். முயற்சி செய்யாமல் முடியாது என்று சொல்லக் கூடாது.

திருச்சி நோக்கன்:
ஐயா, .32 கேட்டால் பரிசீலிப்பார்கள். .380, .455 இரண்டும் ராணுவத் தோட்டா என்று விதியிலேயே பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு "கேட்டுப் பாருங்கள்" என்றால் எப்படி?

வெப்லிதாசன்:
தம்பி, அந்தப் பச்சை, தோலில் இருக்கிற கொழுப்பும் அமிலமும் பித்தளையோடு சேர்ந்து வருவது. மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், உலோகம் எதுவும் படக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். இதே காரணத்தால்தான் துப்பாக்கியைத் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதே என்று கத்துகிறேன். தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். போன வருடம் பழைய இரும்பு போட்ட படத்தில் அவருடைய வெப்லி உறைக்குள்தான் படுத்திருந்தது. பிடியின் வல்கனைட்டும் (கெட்டி ரப்பர்) கறுப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது, அது வெயில். துப்பாக்கி ஜன்னலோரம் இருக்கிறது. இந்த லட்சணத்தில் 21,000 வேறு.

பழைய இரும்பு:
என் ஜன்னலுக்கே வந்துவிட்டீர்களா! படம் எடுக்க உறையில் வைத்தேன். கேள்வி அது இல்லை. சீவினதில் ஏசிபி போடலாமா கூடாதா? ஆயிரக்கணக்கானவர்கள் போட்டார்கள், போடுகிறார்கள்.

வெப்லிதாசன்:
13,000. 21,000.

பழைய இரும்பு:
கிளிப்பிள்ளை.

மலைக்கோட்டை மருந்து:
இரண்டு பேரும் நடு வழியைப் பார்க்கவே மாட்டேன் என்கிறீர்கள். .45 ஆட்டோ ரிம் என்று விளிம்பு வைத்த கூடு 1920லேயே வந்தது, கிளிப்பே வேண்டாம். அதில் மென்மையான ஈயக் குண்டும் .455 அளவுக்கே அடங்கின வெடிமருந்தும் போட்டுச் சொந்தமாகத் தோட்டா செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய இரும்பு சொல்வது போல் ஏசிபி உட்காரும் என்பது சரிதான், கடைத் தோட்டா மட்டும்...

பழைய இரும்பு:
பார்த்தீர்களா? சரி என்கிறார்.

மலைக்கோட்டை மருந்து:
நான் அப்படிச் சொல்லவில்லை.

வெப்லிதாசன்:
அவர் சொன்னதில் பாதியை வெட்டி எடுத்துக்கொள்கிறீர்கள். குண்டின் கதையும் கேளுங்கள். வெப்லி சிலிண்டரின் வாய், பேரலுக்குள் சுருளாக வெட்டின பள்ளத்தைவிடக் கொஞ்சம் குறுகல். அதனால்தான் .455 குண்டின் அடியில் குழி வைத்தார்கள். வெடிக்கும்போது அந்த ஈயப் பாவாடை விரிந்து பேரலைப் பிடிக்கும். செம்பு உறை போட்ட ஏசிபி குண்டு விரியாது. அழுத்தமும் அதிகம், குறியும் சுமார். ஃபியோக்கி கம்பெனி .455 தோட்டா செய்கிறது. விலை கூடத்தான். சீவாத துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை வாங்குங்கள், மாதம் இருபது சுட்டால் போதும். சீவினதில் அதைப் போட்டால் பின்னால் இடைவெளி விழும், ஊசி சரியாக எட்டாது. அந்த லேத்காரர்கள் செய்த அநியாயம் அதுதான். சொந்தத் தோட்டாவும் அதற்குச் சரிப்படாது.

பழைய இரும்பு:
சீவினதை வைத்திருப்பவன் என்ன, பூஜை அறையில் வைக்கவா?

வெப்லிதாசன்:
மெழுகு பூசி அலமாரியில் வையுங்கள்.

மலைக்கோட்டை மருந்து:
சொந்தத் தோட்டா ஏன் சரிப்படாது? அதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள்.

ஊசிக்கண்:
எந்த மெழுகு? போன வருடம் அதையும் கூடாது என்றீர்கள்.

வெப்லிதாசன்:
தேன்மெழுகைத்தான் கூடாது என்றேன், நுண்படிக மெழுகை இல்லை. பழைய பதிவைத் தேடி எடுத்துப் போடுகிறேன், இருங்கள்.

பழைய இரும்பு:
ஞாயிற்றுக்கிழமை ஐம்பது ரவுண்டு போய்விட்டுப் படம் போடுகிறேன். ஜன்னலோரத்தில் வைத்தே எடுக்கிறேன்.