கையில் 148, மகாதமனியில் 121: மகனின் பி.பி. அனுபவம்

மதுரைக்காரன்:
என் மகனுக்கு 19 வயது. ஆறடி இரண்டு அங்குலம், கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறான். போன வருடம் ஒரு மருத்துவப் பரிசோதனையில் பி.பி. 148/74. ஒரு வாரம் விட்டு எடுத்தாலும் அதேதான். மாத்திரை எழுதிவிட்டார்கள். அன்று ராத்திரி அவன் அம்மா சாப்பிடவே இல்லை.

வேறொரு இதய மருத்துவரிடம் போனோம். பையன் நெடுநெடுவென்று இருக்கிறான், மேல் எண் மட்டும்தான் ஏறியிருக்கிறது என்று கவனித்தவர், "மாத்திரை இருக்கட்டும், முதலில் மணிக்கட்டில் பார்த்துவிடலாம்" என்றார். பேனா மாதிரி ஒரு கருவி, டோனோமீட்டர் என்று பெயர். அதன் முனையை நாடி துடிக்கும் இடத்தில் எலும்போடு சேர்த்து லேசாக அழுத்திப் பிடித்தார்கள். திரையில் துடிப்புக்கு ஒரு மலை, இறங்கும் சரிவில் சின்ன மேடு. அந்த அலையை வைத்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் அழுத்தத்தைக் கணினி கணக்கிட்டது: 121/75.

27 எங்கே போனது? இதயத்திலிருந்து கிளம்பும் அலையின் உச்சி, கைக்குப் போகப்போக உயருமாம். கீழ் எண் அநேகமாக மாறாது. வயதாகிக் குழாய்கள் விறைத்துவிட்டால், கிளைக் குழாய்களில் மோதி இதயத்தை நோக்கித் திரும்பி வரும் அலை சீக்கிரமே வந்து மகாதமனியின் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அப்போது இந்த வித்தியாசம் குறையும். மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் என்றார்.

நாடித்துடிப்பு:
அண்ணா, அந்தக் கருவியைப் பிடிப்பதுதான் என் வேலை. மணிக்கட்டில் கிடைப்பது அலையின் வடிவம் மட்டும். எண்ணைக் கொடுப்பது கையில் கட்டுகிற பி.பி. பட்டை. அது தப்பினால் மகாதமனி அளவும் சேர்ந்து தப்பும். போன மாதம் பருமனான ஒரு அக்காவுக்குச் சின்னப் பட்டையில் 160 வந்தது, பெரிய பட்டையில் 142. முதல் எண்ணைப் போட்டிருந்தால், அலை எவ்வளவு சுத்தமாகப் பதிந்திருந்தாலும் வீண்தான்.

தாத்தா66:
எனக்கு பி.பி.க்குக் கொடுத்த அட்டெனலால் மாத்திரையை மாற்றி அம்லோடிபின் கொடுத்தபோது, இந்த இரண்டு மருந்துச் சிகிச்சைகளையும் ஒப்பிட்டு 2006-ல் வெளிவந்த காஃபே ஆய்வை டாக்டர் சொன்னார். இரண்டு சிகிச்சையிலும் கையில் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் அட்டெனலால் தரப்பில் மகாதமனியின் மேல் எண் சராசரியாக 4.3 அதிகம். கையில் மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மதுரைக்காரன்:
தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் டேப் எடுத்து அளந்தேன். மகனின் மேல்கைச் சுற்றளவு 34 செ.மீ. எந்த அளவுப் பட்டை கட்டினார்கள் என்று ஓரிடத்திலும் நாங்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை பெரிய பட்டை கட்டி மறுபடி எடுக்கச் சொல்லப் போகிறேன்.